நிலையற்ற அணுக்கரு எந்த வழியில் சிதையும்? நிறைக் கணக்கிலிருந்து சிதைவுத் தொடர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு ஐசோடோப்பின் (ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கையால் வேறுபடும் அணு வகை) பெயரைக் கொடுத்து இது எப்படிச் சிதையும் என்று கேட்டால், புதிதாகப் படிப்பவர்கள் நேராகச் சமன்பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். நிறை எண்ணும் (புரோட்டான், நியூட்ரான் மொத்தம்) அணு எண்ணும் (புரோட்டான் எண்ணிக்கை) இரு பக்கமும் சரியாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். யுரேனியம்-238 ஓர் எலக்ட்ரானை உமிழ்ந்து நெப்டியூனியம்-238 ஆகிறது என்று எழுதிப் பாருங்கள். எண்கள் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அப்படி ஒரு சிதைவு நடப்பதே இல்லை.

சிதைவு நடந்தால் என்ன உண்டாகும் என்பதைத்தான் சமன்பாடு சொல்லும். நடக்க முடியுமா என்பதை நிறைதான் சொல்லும். அதனால் இங்கே நிறைக் கணக்கு முன்னால் வருகிறது, சமன்பாடு அதற்குப் பிறகு. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, ஒவ்வொரு ஐசோடோப்புக்கும் தனித்தனியாக அணு நிறை தரும் அட்டவணை. தசமத்துக்குப் பின் குறைந்தது 6 இலக்கங்கள் வேண்டும். கார்பன்-14, நைட்ரஜன்-14 இரண்டின் நிறைகளும் நான்காவது இலக்கத்தில்தான் வேறுபடத் தொடங்குகின்றன. மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் கார்பன்-14 சிதையவே சிதையாது என்று கணக்கு சொல்லிவிடும்.

தனிம வரிசை அட்டவணையில் இருக்கும் நிறையை எடுக்காதீர்கள். அது இயற்கையில் கிடைக்கும் ஐசோடோப்புகளின் சராசரி. குளோரினுக்கு அங்கே 35.45 என்று இருக்கும்; அந்த நிறையுள்ள குளோரின் அணு ஒன்றுகூடக் கிடையாது.

இரண்டாவது, அணுக்கரு வரைபடம். ஒரு பக்கம் புரோட்டான் எண்ணிக்கையும் மறுபக்கம் நியூட்ரான் எண்ணிக்கையும் வைத்து, எந்தெந்தக் கருக்கள் நிலையானவை என்று காட்டும் படம். மூன்றாவது, இந்தச் சில எண்கள்:

1 அணு நிறை அலகு = 931.494 மெகா எலக்ட்ரான் வோல்ட் (இனி எம்.இ.வி. என்று சுருக்கிக்கொள்கிறேன்)
எலக்ட்ரான் நிறை = 0.000549 அலகு, அதாவது 0.511 எம்.இ.வி.
இரண்டு எலக்ட்ரான்களின் நிறை = 1.022 எம்.இ.வி.
ஹீலியம்-4 அணுவின் நிறை = 4.002603 அலகு

2. முதல் படி: கருவை முழுதாக எழுதுங்கள்

நிறை எண், அணு எண், நியூட்ரான் எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள். அயோடின்-131 என்றால் 131, 53, 78. நியூட்ரான் எண்ணிக்கையைப் பலர் விட்டுவிடுவார்கள். அடுத்த படிக்கு வேண்டியதே அதுதான்.

புரோட்டான் எண்ணிக்கையும் நியூட்ரான் எண்ணிக்கையும் இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். புரோட்டான்கள் புரோட்டான்களோடும் நியூட்ரான்கள் நியூட்ரான்களோடும் இணை சேரும்போது கருவின் ஆற்றல் குறைகிறது. இரண்டு எண்ணிக்கையும் ஒற்றைப்படையாக இருந்தால் இணை சேராத துகள் இரு வகையிலும் ஒன்று மிஞ்சும். அத்தகைய கருக்களில் நிலையானவை மிகச் சொற்பம். லேசான கருக்களில் ஹைட்ரஜன்-2, லித்தியம்-6, போரான்-10, நைட்ரஜன்-14 ஆகிய நான்கு மட்டுமே.

பெயரின் முடிவில் எம் என்ற குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். டெக்னீசியம்-99, டெக்னீசியம்-99எம் இரண்டிலும் புரோட்டான், நியூட்ரான் எண்ணிக்கை ஒன்றே. ஆனால் எம் குறி உள்ளது கிளர்வு நிலையில், அதாவது கூடுதல் ஆற்றலோடு, நீண்ட நேரம் தங்கியிருக்கும் கரு. அதன் அரை ஆயுள், அதாவது கருக்களில் பாதி சிதைய ஆகும் காலம், 6 மணி நேரம். சாதாரண டெக்னீசியம்-99-க்கோ 2 லட்சம் ஆண்டுகளுக்கு மேல். குறியை விட்டுவிட்டால் விடை முழுக்கத் தவறிவிடும்.

3. இரண்டாம் படி: நிலையான கருக்களோடு ஒப்பிட்டு ஒரு யூகம்

கால்சியம் வரை உள்ள லேசான கருக்களில் நியூட்ரானும் புரோட்டானும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் கரு நிலைக்கும். கனம் ஏற ஏற நியூட்ரான் கூடுதலாக வேண்டும். புரோட்டான்கள் ஒவ்வொன்றும் மற்ற எல்லாப் புரோட்டான்களையும் விலக்குகின்றன, ஆனால் ஈர்க்கும் அணுக்கரு விசை பக்கத்துத் துகள்களோடு நின்றுவிடுகிறது. அந்த விலக்கத்தை ஈடுகட்ட மின்னூட்டம் இல்லாத துகள்கள் தேவைப்படுகின்றன. ஈயம்-208-இல் 82 புரோட்டான்களுக்கு 126 நியூட்ரான்கள்.

இப்போது உங்கள் கருவை ஒப்பிடுங்கள். அயோடினின் நிலையான ஐசோடோப் அயோடின்-127. அதில் 74 நியூட்ரான்கள். அயோடின்-131-இல் 78. நியூட்ரான் மிகுதி, ஆகவே ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும் பீட்டா மைனஸ் சிதைவை எதிர்பார்க்கலாம். சோடியத்தின் நிலையான ஐசோடோப் சோடியம்-23. சோடியம்-22-இல் ஒரு நியூட்ரான் குறைவு. இங்கே எதிர்த்திசையில் மாற்றம் வரும்: பாசிட்ரானை (நேர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரானின் எதிர்த்துகள்) உமிழும் பீட்டா பிளஸ் சிதைவு, அல்லது அணுவின் எலக்ட்ரான் ஒன்றைக் கருவே விழுங்கும் எலக்ட்ரான் கவர்வு. அணு எண் 83-க்கு மேல் போனால் நிலையான கருவே இல்லை. அங்கே ஒரு ஹீலியம்-4 கருவை (ஆல்பா துகள்) உமிழும் ஆல்பா சிதைவைக் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும்.

இது யூகம் மட்டுமே, இதோடு நின்றுவிடக் கூடாது. பொட்டாசியம்-40-ஐப் பாருங்கள். அதன் இரு பக்கத்திலும் இருக்கும் பொட்டாசியம்-39, பொட்டாசியம்-41 இரண்டும் நிலையானவை. நியூட்ரான் மிகுதியா குறைவா என்று கேட்டால் பதில் கிடைக்காது. அது இரு திசையிலும் சிதைகிறது என்பதை நிறைக் கணக்குதான் காட்டிக்கொடுக்கும்.

4. மூன்றாம் படி: நிறைக் கணக்கு

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. விதி எளிமையானது: சிதைவுக்கு முன் இருக்கும் நிறை, பின் இருக்கும் மொத்த நிறையைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த வழி திறந்திருக்கிறது. குறைவாக இருந்தால் அடைபட்டிருக்கிறது. வித்தியாசத்தை 931.494-ஆல் பெருக்கினால் வெளிவரும் ஆற்றல் எம்.இ.வி.-இல் கிடைக்கும்.

சிக்கல் எலக்ட்ரான்களால் வருகிறது. அட்டவணை தருவது கருவின் நிறையை அல்ல, எலக்ட்ரான்களையும் சேர்த்த முழு அணுவின் நிறையை. அதனால் ஒவ்வொரு வகைச் சிதைவுக்கும் எலக்ட்ரான் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பீட்டா மைனஸ்: தாய் (சிதையும்) அணுவின் நிறையிலிருந்து சேய் (சிதைவில் உண்டாகும்) அணுவின் நிறையைக் கழித்தால் போதும். கார்பன் அணுவில் 6 எலக்ட்ரான்கள், நைட்ரஜன் அணுவில் 7. சேய் அணுவில் கூடுதலாக எண்ணப்பட்ட அந்த ஓர் எலக்ட்ரானே உமிழப்பட்ட எலக்ட்ரானுக்குக் கணக்காகிவிடுகிறது. எலக்ட்ரான் நிறையை மறுபடி கழித்தால் இரண்டு முறை கழித்ததாகும். கார்பன்-14-க்கு: 14.003242 − 14.003074 = 0.000168 அலகு, அதாவது 0.156 எம்.இ.வி. இந்தக் கணக்கில் எலக்ட்ரான் நிறையை இன்னொரு முறை கழித்தால் விடை எதிர்க்குறியாகிவிடும். தவறைக் கண்டுபிடிக்க நல்ல சோதனை இது.

எலக்ட்ரான் கவர்வு: இதற்கும் தாய் அணு நிறை கழித்தல் சேய் அணு நிறை, அவ்வளவுதான். கரு விழுங்கும் எலக்ட்ரான் தாய் அணுவின் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த எலக்ட்ரானின் பிணைப்பாற்றல் சிறியது என்பதால் சாதாரணக் கணக்கில் விட்டுவிடலாம்.

பீட்டா பிளஸ்: இங்கேதான் 1.022 எம்.இ.வி. வருகிறது. சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள், நியான் அணுவில் 10. சிதைவுக்குப் பின் ஓர் எலக்ட்ரான் உபரியாக நிற்கிறது. கூடவே ஒரு பாசிட்ரானும் உண்டாகியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து இரண்டு எலக்ட்ரான் நிறை. ஆகவே அணு நிறை வித்தியாசத்திலிருந்து 1.022-ஐக் கழிக்க வேண்டும்.

ஆல்பா: தாய் அணு நிறையிலிருந்து சேய் அணு நிறையையும் ஹீலியம்-4 அணு நிறையையும் கழியுங்கள். ஆல்பா துகளின் நிறையைத் தனியாகத் தேடி எடுத்துப் போடாதீர்கள். ஹீலியம் அணுவின் நிறையைப் போட்டால் எலக்ட்ரான்கள் இரு பக்கமும் தாமாகவே சரியாகிவிடும்.

கணக்குகளைச் செய்து பார்ப்போம். சோடியம்-22: 21.994437 − 21.991385 = 0.003052 அலகு, 2.843 எம்.இ.வி. எலக்ட்ரான் கவர்வுக்கு இது முழுதும் கிடைக்கும். பாசிட்ரானுக்கு 1.022 போக 1.821 மிஞ்சும். இரண்டு வழியும் திறந்திருக்கின்றன; உண்மையில் 100 சிதைவுகளில் சுமார் 90 பாசிட்ரான் வழியில், மீதி கவர்வு வழியில் போகின்றன.

பெரிலியம்-7: லித்தியம்-7-ஐவிட 0.862 எம்.இ.வி. மட்டுமே அதிகம். 1.022-ஐ எட்டவில்லை, எனவே பாசிட்ரான் வழி அடைபட்டது. எலக்ட்ரான் கவர்வு ஒன்றே வழி; 53 நாள் அரை ஆயுளோடு அப்படித்தான் சிதைகிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: எலக்ட்ரான்கள் எல்லாவற்றையும் உரித்துவிட்ட பெரிலியம்-7 கருவுக்குக் கவர எதுவும் இல்லாததால் அது சிதையாமலே இருக்கும். கருவின் சிதைவு வெளியே இருக்கும் எதையும் சார்ந்ததில்லை என்று பொதுவாகச் சொல்லிக்கொடுக்கிறோம். எலக்ட்ரான் கவர்வு அதற்கு நேரடியான விதிவிலக்கு.

பொட்டாசியம்-40: அதன் நிறை 39.963998. கால்சியம்-40-இன் நிறை 39.962591, ஆர்கான்-40-இன் நிறை 39.962383. இரண்டுமே குறைவு. ஆகவே பீட்டா மைனஸ் வழியில் கால்சியத்துக்கு 1.311 எம்.இ.வி., எலக்ட்ரான் கவர்வில் ஆர்கானுக்கு 1.504 எம்.இ.வி. சுமார் 89 சதவீதம் முதல் வழியில் போகிறது.

யுரேனியம்-238: நெப்டியூனியம்-238-இன் நிறை 238.050946, யுரேனியத்தின் நிறை 238.050788. சேய் கனமாக இருக்கிறது. பீட்டா மைனஸ் வழி அடைபட்டது. எலக்ட்ரான் கவர்வில் வரக்கூடிய புரோட்டாக்டினியம்-238-உம் யுரேனியத்தைவிடக் கனம்தான். ஆல்பாவுக்கு: 238.050788 − 234.043601 − 4.002603 = 0.004584 அலகு, 4.270 எம்.இ.வி. திறந்திருக்கிறது.

எல்லா வழிகளுக்கும் கணக்குப் போட்டுவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். ஒரு வழி திறந்திருப்பது தெரிந்ததும் நிறுத்திவிடுவது மிகப் பரவலான பழக்கம். பொட்டாசியம்-40 போன்றவற்றில் பாதி விடைதான் கையில் கிடைக்கும்.

5. நான்காம் படி: சமன்பாட்டை எழுதுங்கள்

இப்போது எழுதலாம். ஆல்பாவில் நிறை எண் 4 குறையும், அணு எண் 2 குறையும். பீட்டா மைனஸில் நிறை எண் மாறாது, அணு எண் 1 கூடும். பீட்டா பிளஸிலும் எலக்ட்ரான் கவர்விலும் நிறை எண் மாறாது, அணு எண் 1 குறையும். காமாவில் (கரு உயர் ஆற்றல் ஒளித்துகளான ஃபோட்டானை உமிழ்வதில்) இரண்டும் மாறாது.

நியூட்ரினோவை (மின்னூட்டம் இல்லாத, ஏறக்குறைய நிறையே இல்லாத துகள்) விடாதீர்கள். பீட்டா மைனஸில் எலக்ட்ரானோடு ஓர் எதிர் நியூட்ரினோ வெளிவரும். பீட்டா பிளஸில் பாசிட்ரானோடு நியூட்ரினோ. எலக்ட்ரான் கவர்வில் நியூட்ரினோ மட்டும். எது எங்கே என்று குழம்பினால் இப்படிச் சரிபாருங்கள்: எலக்ட்ரானும் நியூட்ரினோவும் +1, அவற்றின் எதிர்த்துகள்கள் −1. சிதைவுக்கு முன்னும் பின்னும் கூட்டுத்தொகை ஒன்றாக இருக்க வேண்டும்.

பீட்டா மைனஸில் வரும் எலக்ட்ரான் அணுவின் வெளிச்சுற்றிலிருந்து வருவதில்லை, கருவுக்குள் ஏற்கெனவே இருந்ததும் இல்லை. நியூட்ரான் புரோட்டானாக மாறும் அந்தக் கணத்தில் புதிதாக உண்டாகிறது.

6. ஐந்தாம் படி: ஆற்றல் யாருக்கு எவ்வளவு?

மூன்றாம் படியில் கிடைத்தது மொத்த ஆற்றல். அது முழுதும் ஒரே துகளுக்குப் போய்ச் சேருவதில்லை.

ஆல்பா சிதைவில் இரண்டே பங்காளிகள்: ஆல்பா துகள், சேய்க்கரு. உந்தம் சமமாக இருக்க வேண்டியதால் பங்கீடு ஒரே விதமாகத்தான் அமையும். மொத்த ஆற்றலைச் சேயின் நிறை எண்ணால் பெருக்கித் தாயின் நிறை எண்ணால் வகுத்தால் ஆல்பாவின் பங்கு வரும். யுரேனியம்-238-க்கு 4.270 × 234 ÷ 238 = 4.198 எம்.இ.வி. மீதி 0.072 சேய்க்கருவின் பின்னுதைப்புக்குப் போகிறது. 4.270-ஐயே ஆல்பாவின் ஆற்றலாக எழுதிவிட்டால், அளவுக்கருவி காட்டும் எண்ணோடு அது பொருந்தாது.

பீட்டா சிதைவில் பங்காளிகள் மூன்று. பங்கீடு ஒவ்வொரு சிதைவிலும் மாறும். அதனால் எலக்ட்ரான்கள் பூஜ்யத்திலிருந்து உச்ச ஆற்றல் வரை எல்லா ஆற்றல்களிலும் வருகின்றன. கார்பன்-14-இன் 0.156 எம்.இ.வி. என்பது உச்சம், சராசரி 0.049 மட்டுமே. உடலிலோ பொருளிலோ படியும் ஆற்றலைக் கணக்கிடுபவர்கள் உச்சத்தை எடுத்துக்கொண்டால் விடை மூன்று மடங்கு பெரிதாகிவிடும்.

அப்புறம் காமா. இது பெரும்பாலும் இன்னொரு சிதைவின் பின்தொடர்ச்சி. ஆல்பாவோ பீட்டாவோ நடந்து முடிந்ததும் சேய்க்கரு பல நேரம் கிளர்வு நிலையில் நிற்கும். அங்கிருந்து தாழ்நிலைக்கு இறங்கும்போது காமா வெளிவரும். கோபால்ட்-60 பீட்டா மைனஸால் நிக்கல்-60 ஆகிறது, 1.173, 1.332 எம்.இ.வி. காமாக்கள் இரண்டும் நிக்கல் கருவிலிருந்து வருபவை. கோபால்ட் காமா என்று எல்லோரும் சொல்வது வழக்கு. சமன்பாட்டில் நிக்கலின் பக்கத்தில்தான் அதை எழுத வேண்டும்.

சேய் கிளர்வு நிலைக்குப் போனால் பீட்டாவுக்குக் கிடைக்கும் ஆற்றலும் அந்த அளவுக்குக் குறையும். சோடியம்-22-க்குத் திரும்பிப் பாருங்கள். பாசிட்ரானுக்கு 1.821 எம்.இ.வி. என்று கண்டோம். ஆனால் சேயான நியான்-22 ஏறக்குறைய எப்போதும் 1.275 எம்.இ.வி. உயரத்தில் உள்ள கிளர்வு நிலையில்தான் பிறக்கிறது. 1.821 − 1.275 = 0.546. அளந்து கண்ட பாசிட்ரான் உச்ச ஆற்றல் இதுவேதான். பிறகு 1.275 எம்.இ.வி. காமா வருகிறது; பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது 0.511 எம்.இ.வி. ஃபோட்டான்கள் இரண்டு வருகின்றன. இந்த 0.511-ஐச் சேய்க்கருவின் காமா என்று எழுதிவிடாதீர்கள். அது கருவுக்கு வெளியே பிறக்கிறது.

கிளர்வு நிலையிலிருந்து இறங்கும் கரு ஒவ்வொரு முறையும் காமாவைத்தான் தரும் என்பதும் இல்லை. சில நேரம் அந்த ஆற்றலைத் தன் அணுவின் எலக்ட்ரான் ஒன்றுக்கு நேரடியாகக் கொடுத்து வெளியே தள்ளும். இதை அக மாற்றம் என்கிறோம். சீசியம்-137-இல் 100-க்கு 94-க்கும் மேற்பட்ட சிதைவுகள் பேரியம்-137எம் நிலைக்குப் போகின்றன. ஆனால் வெளிவரும் 0.662 எம்.இ.வி. காமாக்கள் சுமார் 85 மட்டுமே. குறைவது அக மாற்றத்துக்குப் போனது. இந்த எலக்ட்ரான்களுக்குக் குறிப்பிட்ட ஆற்றல் உண்டு, பீட்டாவைப் போலப் பரவி வராது. இரண்டையும் பிரித்தறிய அதுவே வழி.

7. ஆறாம் படி: திறந்த வழி, ஆனால் எவ்வளவு விரைவில்?

ஆற்றல் அனுமதித்தால் உடனே சிதைந்துவிடும் என்று நினைப்பது அடுத்த பெரிய தவறு. யுரேனியம்-238-இன் ஆல்பாவுக்கு 4.27 எம்.இ.வி. கிடைக்கிறது, ஆனால் கருவைச் சுற்றியுள்ள மின்விசைத் தடுப்பின் உயரம் 20 எம்.இ.வி.-க்கும் மேல். ஏறித் தாண்ட முடியாது. குவாண்டம் ஊடுருவல் (தடுப்பை ஏறாமலே கடந்துவிடுவது) மூலம்தான் துகள் வெளியே வருகிறது, அதற்கான வாய்ப்போ மிக மிகச் சிறியது. அரை ஆயுள் 447 கோடி ஆண்டுகள் வரை நீள்வது அதனால்தான்.

ஊடுருவும் வாய்ப்பு ஆற்றலைப் பொறுத்து எவ்வளவு கடுமையாக மாறும் என்பதற்கு இரண்டு எண்கள் போதும். தோரியம்-232-இன் ஆல்பா ஆற்றல் 4.08 எம்.இ.வி., அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். பொலோனியம்-212-க்கு 8.95 எம்.இ.வி., அரை ஆயுள் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 0.3 பங்கு. ஆற்றல் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டுகிறது. ஆயுளோ 24 இலக்கங்கள் சுருங்கிவிடுகிறது. நிறை அட்டவணையில் சின்னத் தவறு செய்தாலும் ஆயுள் பற்றிய முடிவு எங்கேயோ போய்விடும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

பிஸ்மத்-209-ஐ நெடுங்காலம் நிலையான கரு என்றே எல்லோரும் வைத்திருந்தார்கள். ஆல்பா வழி திறந்திருப்பதைக் கணக்கு சொன்னது. 2003-இல்தான் அந்தச் சிதைவு அளந்து உறுதிசெய்யப்பட்டது. அரை ஆயுள் சுமார் 2 × 10-இன் 19-ஆம் அடுக்கு ஆண்டுகள்.

ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் திறந்திருந்தால் எது வேகமோ அது பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். பிஸ்மத்-212-இல் பீட்டாவுக்கு சுமார் 64 சதவீதம், ஆல்பாவுக்கு 36. யுரேனியம்-238 தானாகவே இரண்டாகப் பிளக்கவும் முடியும், ஆனால் கோடிச் சிதைவுகளில் 5 மட்டுமே அப்படி. கலிஃபோர்னியம்-252-இல் அதே தன்னிச்சைப் பிளவு சுமார் 3 சதவீதம். இந்தப் பங்குகளை நிறையிலிருந்து மட்டும் பெற முடியாது. அளந்த மதிப்புகளை அட்டவணையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

8. ஏழாம் படி: சேயும் நிலையற்றதா என்று பாருங்கள்

சேய்க்கருவை எடுத்துக்கொண்டு முதல் படிக்குத் திரும்புங்கள். நிலையான கரு வரும்வரை இதைத் தொடர வேண்டும். யுரேனியம்-238 இப்படி ஈயம்-206 வரை இறங்குகிறது.

இடையில் எத்தனை ஆல்பா, எத்தனை பீட்டா என்று கேட்டால் ஒவ்வொரு படியாக எண்ண வேண்டியதில்லை. முதலில் நிறை எண்ணைப் பாருங்கள், அதை மாற்றுவது ஆல்பா மட்டுமே: 238 − 206 = 32, நான்கால் வகுத்தால் 8 ஆல்பா. எட்டு ஆல்பா அணு எண்ணை 16 குறைக்கும்: 92 − 16 = 76. ஈயத்தின் அணு எண் 82, ஆகவே 6 பீட்டா மைனஸ். அணு எண்ணிலிருந்து தொடங்கினால் இரண்டு தெரியாத எண்கள் ஒன்றாகக் கலந்து நிற்கும், விடை வராது.

ஆல்பா தொடர்களுக்கு நடுவே பீட்டா ஏன் வர வேண்டும்? ஆல்பா இரண்டு புரோட்டானையும் இரண்டு நியூட்ரானையும் சமமாக எடுக்கிறது. கனமான கருவில் நியூட்ரான்கள் ஏற்கெனவே அதிகம். சமமாக எடுக்க எடுக்க நியூட்ரான் விகிதம் ஏறிக்கொண்டே போகும். லேசான கருவுக்கு அவ்வளவு நியூட்ரான் தேவையில்லை. அதைச் சரிசெய்யத்தான் பீட்டா மைனஸ் இடையிடையே வருகிறது.

நிறை எண் நான்கு நான்காகத்தான் குறையும் என்பதால் தொடர்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. தோரியம்-232 ஈயம்-208-இல் முடியும், யுரேனியம்-235 ஈயம்-207-இல் முடியும். உங்கள் கணக்கில் யுரேனியம்-238 ஈயம்-207-க்கு வந்து நின்றால், நடுவில் ஒரு நிறை எண் தவறியிருக்கிறது.

9. எட்டாம் படி: காலக் கணக்கு

0.693-ஐ அரை ஆயுளால் வகுத்தால் சிதைவு மாறிலி. அதைக் கருக்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் ஒரு வினாடிக்கு எத்தனை சிதைவுகள் என்பது கிடைக்கும். அரை ஆயுளை வினாடியாக மாற்றிய பிறகே வகுக்க வேண்டும். ஒரு கிராம் ரேடியம்-226-ஐ (அரை ஆயுள் 1,600 ஆண்டுகள்) இப்படிக் கணக்கிட்டால் வினாடிக்கு சுமார் 3,700 கோடி சிதைவுகள் வரும். உங்கள் கணக்குமுறை சரியா என்று பார்க்க இது நல்ல சோதனை.

பொட்டாசியம்-40-க்கு இரண்டு வழிகள் இருப்பதால் இரண்டு அரை ஆயுள்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். கருக்கூட்டம் ஒன்று, அது குறையும் வேகமும் ஒன்றே: 125 கோடி ஆண்டுகள். வழிகளுக்குத் தனித்தனியாக இருப்பவை சிதைவு மாறிலிகள். அவற்றைக் கூட்டினால் மொத்த மாறிலி. அரை ஆயுள்களை அப்படி நேரடியாகக் கூட்ட முடியாது.

தாய் நீண்ட ஆயுளுடையதாகவும் சேய் குறுகிய ஆயுளுடையதாகவும் இருந்தால், சிறிது நேரத்தில் இரண்டும் ஒரே வீதத்தில் சிதையத் தொடங்கும். பேரியம்-137எம்-இன் அரை ஆயுள் 2.55 நிமிடம்தான். ஆனாலும் சீசியம் இருக்கும் வரை அதன் காமா நிற்பதில்லை.

10. அரிய வழிகள்

தொடக்கத்தில் இவை தேவைப்படாது, ஆனால் பெயர் தெரிந்திருக்கட்டும். புரோமின்-87 பீட்டா மைனஸால் கிரிப்டான்-87 ஆகும்போது, கிளர்வு அதிகமாக இருந்தால் உடனே ஒரு நியூட்ரானை உமிழ்ந்துவிடும். ரேடியம்-223 மிக அரிதாக ஒரு முழுக் கார்பன்-14 கருவையே உமிழ்ந்து ஈயம்-209 ஆகும். ஜெர்மானியம்-76-க்கு ஒற்றை பீட்டா வழி அடைபட்டது, ஏனெனில் ஆர்சனிக்-76 கனம்; இரண்டு பீட்டா ஒரே நேரத்தில் நடந்து செலீனியம்-76 ஆகலாம். மூன்றுக்கும் மூன்றாம் படியின் விதியே பொருந்தும்.

11. முழுதாக ஒரு முறை: தாமிரம்-64

நிறை எண் 64, அணு எண் 29, நியூட்ரான் 35. இரண்டும் ஒற்றைப்படை. நிலையான தாமிரங்கள் 63, 65. நம் கரு நடுவில் நிற்கிறது. யூகம் உதவாது, நேராக நிறைக்குப் போகலாம்.

தாமிரம்-64: 63.929764. துத்தநாகம்-64: 63.929142. நிக்கல்-64: 63.927966. கோபால்ட்-60: 59.933816.

பீட்டா மைனஸ்: வித்தியாசம் 0.000622 அலகு, 0.579 எம்.இ.வி. திறந்திருக்கிறது.
எலக்ட்ரான் கவர்வு: 0.001798 அலகு, 1.675 எம்.இ.வி. திறந்திருக்கிறது.
பாசிட்ரான்: 1.675 − 1.022 = 0.653 எம்.இ.வி. இதுவும் திறந்திருக்கிறது.
ஆல்பா: கோபால்ட்-60, ஹீலியம்-4 இரண்டும் சேர்ந்து 63.936419. தாமிரத்தைவிடக் கனம். அடைபட்டது.

ஆகவே மூன்று சமன்பாடுகள் எழுத வேண்டும், எலக்ட்ரானோடு எதிர் நியூட்ரினோ, பாசிட்ரானோடு நியூட்ரினோ, கவர்வில் நியூட்ரினோ மட்டும். 0.579-உம் 0.653-உம் உச்ச ஆற்றல்கள். துகள்கள் அதற்குக் கீழே பரவி வரும். பாசிட்ரான் அழியும்போது 0.511 எம்.இ.வி. ஃபோட்டான்களும் எதிர்பார்க்க வேண்டும். சேய்கள் இரண்டும் நிலையானவை, எனவே தொடர் இங்கேயே நின்றுவிடுகிறது. அரை ஆயுள் 12.7 மணி நேரம், மூன்று வழிக்கும் சேர்த்து ஒன்றுதான். அளந்த பங்குகள்: கவர்வு சுமார் 44 சதவீதம், பீட்டா மைனஸ் சுமார் 38, பாசிட்ரான் சுமார் 18.